பிஸ்கட் டப்பாவுக்குள் போட்ட ஜெபங்கள்

கனடாவில் பனி கொட்டத் தொடங்கினால்தான் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்மேல் கர்த்தருக்கு அக்கறை வரும். டிசம்பர் வரைக்கும் அவர் வேறு வேலையாக இருப்பார். ஜனவரி பிறந்ததும் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று முதுகில் மூட்டையோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவார்கள். எல்லோரும் ஊழியம் செய்ய வந்தவர்கள். வந்த மறுநாளே பெயின்ட் வாங்கப் புறப்படுவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்பக்கம் ஒரு மதில் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தபோது அது மஞ்சளாக இருந்தது. அடுத்த வருஷம் வந்தவர்கள் நீலம் அடித்தார்கள். அதற்கடுத்தவர்கள் நீலத்தின்மேல் வானவில்லும் நோவாவின் பேழையும் வரைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வரையத் தெரியாதுபோலும், பேழையை மூழ்கடித்துப் பச்சை அடித்துவிட்டார்கள். நகத்தால் சுரண்டினால் ஒவ்வொரு வருஷத்து ஊழியமும் அடுக்கடுக்காக உதிரும். வகுப்பறைக் கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஆனால் ஜனவரியில் இங்கே மழை கிடையாதே, பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சாலை என்று பேர் கொண்ட கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடம் அது. ஒரு டிரஸ்ட் நடத்தியது, ஏழாம் வகுப்பு வரை. தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். பிள்ளைகளுக்குத் தமிழ். டீச்சர்மாருக்கு மலையாளம். ஜனவரியில் வருகிறவர்களுக்கு இங்கிலீஷ். நான் மத்தியானம் கஞ்சியும் பயறும் விளம்புகிற ஆயாவாகச் சேர்ந்தவள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இங்கிலீஷைப் பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த பேப்பரிலும் மருந்துப் பாட்டில்களிலும் படித்துத் தேறினேன். அதனால் 'வெயில் படாத இடத்தில் வைக்கவும்', 'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்கிற மாதிரி வாக்கியங்கள் எனக்குத் தங்குதடை இல்லாமல் வரும்.

ஒரு வருஷம், வெள்ளைக்காரர் பேசப் பேசப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டிய உபதேசியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. டீச்சர்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றேன். வாய் இருந்ததே, அது போதாதா? அன்றிலிருந்து கஞ்சிக்கும் நான், கர்த்தருக்கும் நான்.

சாலையில் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, உனக்கு இங்கிலீஷ் தெரியும்னு இந்த ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது. உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு அந்த வெள்ளக்காரனுக்கும் தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல பொழச்சுக்க."

பிழைத்துக்கொண்டேன். எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்கு மனசு நோகும்போல இருந்தால் அதைக் கொஞ்சம் தேய்த்து, தண்ணீர் விட்டு, பதமாக்கிக் கொடுப்பது. ஒரு பெரியவர் வந்து, "இந்தப் பிள்ளைகளிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" என்று கண் கலங்கினார். ஒன்றுமே இல்லை என்று பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொல்லலாமா? "உங்க எல்லாருக்கும் சட்ட நல்லா தொவச்சுப் போட்டிருக்குன்னு சொல்லுதாவ மக்களே" என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிள்ளைகள் கை தட்டியதைப் பார்த்து அவர் இன்னும் அழுதார். எல்லோருக்கும் திருப்தி. நானும் வெள்ளிக்கிழமைதோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவேன். வந்து, எல்லோருடனும் தலை குனிந்து ஆமென் சொல்வேன். இரண்டு சாமியும் என்னிடம் அதைப்பற்றிக் கேட்டதில்லை.

இந்த லட்சணத்தில்தான் இன்னொரு வருஷம் ஒருத்தி தனியாக வந்தாள். கூட்டம் திரும்பிப் போன பிறகும் மார்ச் கடைசிவரை இருக்கப் போகிறாளாம். இருபத்துநாலு வயது இருக்கும். வாசல் நிலையில் இடித்துக்கொள்கிற உயரம். டீச்சர்மாருக்கு அவள் 'மேடம்', பிள்ளைகளுக்கு 'வெள்ளக்கா'. அவள் பெயின்ட் அடிக்கவில்லை. அதிலேயே நான் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, காலி டப்பாவின் மூடியில் ஒரு ஓட்டை போட்டு வகுப்பு ஜன்னலில் வைத்தாள்.

"ஒவ்வொரு குழந்தையும் கடவுளிடம் என்ன கேட்க விரும்புகிறதோ அதை எழுதிப் போடட்டும். வெள்ளிக்கிழமை நீ எனக்குப் படித்துச் சொல். நான் எங்கள் சபைக்கு இமெயில் அனுப்புவேன். ஒரு குழந்தையின் சீட்டை ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து ஒரு வாரம் முழுக்க அதற்காக ஜெபிக்கும்."

பிள்ளைகளுக்கு இதை விளக்கினேன். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர்களாகவே அப்படி எடுத்துக்கொண்டார்கள். முதல் வெள்ளிக்கிழமை டப்பா நிரம்பி, மூடி மூடவில்லை. சமையலறைப் பக்கத்துப் பெஞ்சில் அவள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். நான் பிரித்துப் படித்தேன்.

'கணக்கு டீச்சருக்குக் காச்சல் வரணும். ஒரு நாள் போதும்.' நான் சொன்னேன்: ஆசிரியர்களின் உடல்நலத்துக்காக ஜெபிக்கிறான்.

'எனக்கு தெனமும் பரோட்டா, சால்னா.' நான் சொன்னேன்: அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கிறான்.

'எங்க அப்பா குடிக்கக் கூடாது. குடிச்சாலும் பாடக் கூடாது.' நான் சொன்னேன்: குடும்பத்தில் சமாதானம்.

'சாமியே ஐயப்பா, ஒரு சைக்கிள், பின்னால கேரியர் வேணும்.' இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் யோசனை. பிறகு, ஆண்டவரே, தூரமாய் இருக்கிற ஆலயத்துக்கு வர உதவும், என்று சொல்லிவிட்டேன். சைக்கிள் இருந்தால் வரலாம் அல்லவா?

அவள் எழுத எழுத மூக்கை உறிஞ்சினாள். "என்ன மாதிரிக் குழந்தைகள்! பொம்மை கேட்கவில்லை, சாக்லேட் கேட்கவில்லை" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, நானே பெற்று வளர்த்தமாதிரி. அடுத்த வாரம் பாளையத்து பிரௌசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். சபையே உருகிவிட்டதாம். எங்கள் குழந்தைகளுக்கு உங்கள் குழந்தைகளை உதாரணம் காட்டுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். காட்டட்டும். கணக்கு டீச்சர் மட்டும் கல்லுப்போல வந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சீட்டு வந்தது. அப்பா கொத்தனார், அம்மா அவருக்குக் கையாள். தலையை வழித்துச் சீவி, ரிப்பன் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று கட்டிக்கொண்டு வரும். கஞ்சி வாங்கும்போது, "அக்கா, பயறு அடியிலேந்து கோரிப் போடுங்க" என்று அதிகாரம் பண்ணும். அது எழுதியிருந்தது: 'என்னை வழுதக்காட்டுல ஒரு வீட்டுக்கு வேலைக்கு விடப் போறாவ. நான் போகக் கூடாது. நான் அஞ்சாம் வகுப்புக்குப் போகணும்.'

எழுத்து ரொம்பத் தெளிவாக இருந்தது. புரியாமல் போனது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் என் மூளை வழக்கமான பாதையில் போனது. பத்து வயசுப் பிள்ளையைப் பாத்திரம் தேய்க்க விடுகிறார்கள் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவதா? நம் சனங்களைப்பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? போன வாரம்தான் சபையே உருகியது. இந்த வாரம் சபையே முகம் சுளிக்க வேண்டுமா?

"நன்றாகப் படிக்க வேண்டும் என்று கேட்கிறாள்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். திங்கட்கிழமை அரிசி மூட்டை வந்தது. செவ்வாய்க்கிழமை வேறு எதுவோ வந்தது. மறந்தேன் என்று சொல்வது கௌரவம். உண்மையில், நினைத்துக்கொண்டே தள்ளிப்போட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கனடாவிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பென்சில் பெட்டி, திறந்தால் ஒரு பக்கம் அளவுகோல், ஒரு பக்கம் ரப்பர். கூடவே ஒரு அட்டை. 'நீ நன்றாகப் படிக்க ஏழு நாளும் எங்கள் குடும்பம் ஜெபித்தது.' கீழே ஐந்து பேர் கையெழுத்து, ஒரு நாயின் கால் தடம்.

வெள்ளக்கா பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு நாலாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். தேடினாள். பிறகு சமையலறைக்கு வந்து, "அந்தக் குழந்தை எங்கே?" என்று கேட்டாள்.

அந்தக் குழந்தை பத்து நாளாக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். பயறு கோரிப் போடச் சொல்ல ஆள் இல்லையே.

எதையும் தண்ணீர் விட்டுப் பதமாக்க அன்றைக்கு எனக்கு வரவில்லை. சொன்னேன். சீட்டில் இருந்தது இது, நான் சொன்னது அது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். எதற்கெடுத்தாலும் அழுகிறவள் அன்றைக்கு அழவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எல்லாவற்றையும் மறுபடி படி. இருக்கிறபடியே."

படித்தேன். கணக்கு டீச்சரின் காய்ச்சல் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரோட்டாவுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் சீட்டு வந்தது. படித்து முடித்ததும் அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஐந்து பேர், ஒரு வாரம் முழுக்க, யாரும் கேட்காத ஒன்றுக்காக ஜெபித்திருக்கிறார்கள்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. "கடவுளுக்குத் தமிழ் தெரியும். அவர் சீட்டைப் படிச்சிருப்பார்" என்றேன்.

"அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அதற்குத்தான் நீ இருக்கிறாய்."

ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சரிடம் போனோம். அவர் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மலையாளம் பேசுவார். "சேச்சி, நிங்ஙள் வெறுதே டென்ஷன் அடிக்கண்டா. ஒவ்வொரு வருஷமும் நாலஞ்சு குட்டிகள் இங்ஙனெ போகும். நமக்கு எந்து செய்யான் பற்றும்? பிரார்த்திக்காம்." ஒன்றும் செய்ய முடியாது, ஜெபிக்கலாம் என்கிறார். நான் இதை இருக்கிறபடியே மொழிபெயர்த்தேன். வெள்ளக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

பிள்ளையின் அப்பா அம்மா வேலை பார்த்த ஃபிளாட் பட்டம் என்கிற இடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளையின் அம்மா தலையில் காலிச் சாந்துச் சட்டியோடு நாலாவது மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எங்களைப் பார்த்ததும் சட்டியை இறக்கிவிட்டு, முதலில் வெள்ளக்காவைத்தான் பார்த்தாள். "இந்தப் பிள்ள எதுக்கு வெயில்ல நிக்குது, பாருங்க எப்படிச் செவந்துபோச்சு" என்று நிழலுக்குத் தள்ளினாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் இறுகியது.

"அக்கா, நான் என்ன ஆசைப்பட்டா விட்டேன்? இங்க எங்க வேல இந்த மாசத்தோட முடியுது. பொன்முடி மலையில ஓட்டல் கட்டப் போறாவளாம், எங்க ரெண்டு பேரையும் அங்க அனுப்புதாரு காண்ட்ராக்டரு. ரெண்டு வருசத்து வேல. அங்கன பஸ்ஸு எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது. பள்ளிக்கூடம் எங்க இருக்கு? தகர ஷெட்டுல அம்பது ஆம்பளையளோட வளந்த பிள்ளைய எப்படிக் கெடத்துவேன்? அந்த வீட்டுல கதவு இருக்கு, தாப்பா இருக்கு. மூணு நேரம் சோறு. பழவங்காடியில நேந்துகிட்டுதான் விட்டேன்."

பதினைந்து மாடிக் கட்டடம் கட்டுகிறவளுக்குப் பிள்ளையை விட ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை கிடைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். தாழ்ப்பாளைக்கூட விடவில்லை.

வெள்ளக்கா அந்த அம்மாவின் சிமெண்டு படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடித் திறந்தாள். "அவளிடம் சொல்: இந்தக் குழந்தை தங்கிப் படிக்கக் கடவுள் ஓர் இடம் கொடுப்பார். நான் அதை முழுமனதோடு விசுவாசிக்கிறேன்."

இருக்கிறபடியே சொல்ல வேண்டும் என்று காலையில்தான் பாடம் படித்திருந்தேன். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடவுள் இடம் கொடுப்பார் என்றால் எப்போது, எந்தத் தெருவில், என்று கேட்பாள். கேட்காமல் இருப்பாளா? எனக்குத் தெரிந்து அவர் கையில் அப்போது காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ள எங்க வீட்டுல இருந்து படிக்கட்டும்னு சொல்லுதாவ" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இது அவிய சொன்னதா, நீங்க சொன்னதா?"

"அவிய இங்கிலீஷ்ல சொன்னாவ. நான் தமிழ்ல சொல்லுதேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெள்ளக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியாகச் சொன்னாயா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். திருவனந்தபுரத்தில் தலையாட்டினால் ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளையின் அம்மாவும் நானும் வழுதக்காட்டு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டம்மா தங்கமான மனுஷி. "ஞங்ஙள் சொந்தம் மோளெப்போலெயா நோக்குந்நது" என்றார். சொந்த மகளைப்போலத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்த மகள் கான்வென்ட் யூனிஃபார்மில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. மகளைப்போல இருந்தது பின்கட்டில் உட்கார்ந்து அதனுடைய இன்னொரு யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சோப்புக் கையோடு எழுந்து வந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ளும் என்று நான் ஒதுங்கி நின்றால், என்னைப் பார்த்துக் கேட்டது: "அக்கா, பரீச்ச எப்பம்?"

ராத்திரி கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், நான் கூட்டிவந்த பிள்ளையையும் சுவரோரம் சுருட்டி வைத்திருந்த புதுப் பாயையும் பார்த்தார். எங்களுடையது ஒன்றரை அறை வீடு. இரண்டு பையன்களையும் சேர்த்து ஏற்கெனவே நாலு பேர்.

"யார்ட்டட்டி கேட்ட?"

"கர்த்தர்ட்ட."

"அவருக்கு நம்ம வீட்டு அளவு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளையிடம், "ஏய், எனக்குப் பக்கத்துல பாய் போடாத, நான் கொறட்ட விடுவேன்" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

மறுநாள் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்ததைப் பார்த்துத்தான் வெள்ளக்காவுக்கு விஷயம் புரிந்தது. "நீ மறுபடியும் மாற்றிவிட்டாய்" என்றாள். "ஆமா" என்றேன். பிறகு நோட்டுப் புத்தகத்தில் 'கடவுள் இடம் கொடுத்தார்' என்று எழுதினாள். எழுதட்டும், பாய் விரிக்கிற சிரமம் அவருக்கு இல்லையே. பொன்முடிக்குப் புறப்படுகிற அன்று பிள்ளையின் அம்மா பழவங்காடியில் தேங்காய் உடைத்தாள். கனடாவில் அந்த ஐந்து பேரும் ஸ்தோத்திரம் செலுத்தினார்கள், நாய் உட்பட. ஜெபித்தால் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேனே என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர். பெருமையில் பங்குக்கு இவ்வளவு பேர் இருந்ததால் என் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளை பரீட்சை எழுதி, ஜூனில் அஞ்சாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. பொன்முடி வேலை முடிகிறவரை எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அதற்கு முன்னால், வெள்ளக்கா ஊருக்குப் போகிறதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, டப்பாவில் அந்தப் பிள்ளையின் சீட்டு ஒன்று வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். 'அக்கா வீட்டுல தெனமும் காலையில உப்புமா. தண்ணியா இருக்கு. அது மாறணும்.'

என்னைச் சோதிக்கத்தான் எழுதியதோ என்னவோ. 'எளிய உணவுக்காக நன்றி சொல்கிறாள்' என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வெள்ளக்கா பேனாவோடு காத்திருந்தாள். இருக்கிறபடியே சொன்னேன். தண்ணீராக இருக்கிறது என்பதையும் சேர்த்து.

அடுத்த புதன்கிழமை பிரின்ட் வந்தது. அந்த ஐந்து பேர் குடும்பமே இந்தச் சீட்டையும் கேட்டு வாங்கியிருக்கிறது. உப்புமா என்றால் என்னவென்று தெரியவில்லை, ஆனால் அது மாற வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கடல் கடந்து, பனிக்குள் உட்கார்ந்து, என் உப்புமாவுக்கு எதிராக ஐந்து பேர் முழங்காலில் நிற்கிறார்கள். இதற்கு மேலும் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? அன்றைக்கு ராத்திரியே அரிசி ஊறப்போட்டேன்.

"ஜெபம் பலித்துவிட்டது என்று எழுதிப் போடு" என்று வெள்ளக்காவிடம் சொன்னேன். அவள் உடனே எழுதவில்லை. என்மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கைக்கு ஒரு அளவு வந்துவிட்டது. நேராகப் பிள்ளையிடம் போனாள். மூன்று மாதத்தில் சேர்த்துவைத்திருந்த தமிழையெல்லாம் திரட்டி, "உப்புமா... இல்லை? தோசை... நல்லதா?" என்று கேட்டாள்.

பிள்ளை யோசித்தது. பென்சில் பெட்டியைத் திறந்து மூடியது.

"தோச கொள்ளாம், நல்லா இருக்கு வெள்ளக்கா" என்றது. "சட்னிக்கு இன்னொரு சீட்டுப் போடணும்."